முதுமை பெருகும் காலமும் நம் குடும்பங்களின் பொருளாதாரமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



பைத்துல்மால் உதவி கோரி வந்த மனுக்களைச் செயலாளர் அவர்களுடன் அமர்ந்து நாம் பார்வையிட்டோம். முன்பெல்லாம் குமர் காரியத்திற்கும் பிள்ளைகளின் படிப்பிற்குமே மனுக்கள் மிகுதியாக வரும். இவ்வாண்டு முதியவர்களின் மருந்துச் செலவிற்கான மனுக்களே மிகுதி. அவர்களுள் பலர் ஒரு காலத்தில் இப்பைத்துல்மாலுக்கு வாரி வழங்கியவர்கள்.

இது நம் மஹல்லாவிற்கு மட்டும் உரிய நிலையன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் இது நூற்றுக்குப் பதினெட்டாக உயரும் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. ஆயுள் நீண்டிருக்கிறது, பிறப்பு குறைந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால்தான் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் சராசரி 1.8 மட்டுமே.

இதன் விளைவை வீட்டிலேயே காணலாம். வாப்பாவின் மருத்துவச் செலவை நான்கு சகோதரர்கள் பகிர்ந்துகொண்ட காலம் இருந்தது. இன்று ஒரே மகன் தன் பெற்றோரையும் தன் பிள்ளைகளையும் ஒருசேரத் தாங்குகிறான். அவனால் சேமிக்க இயலுவதில்லை. சேமிப்பின்றி அவனும் முதுமையை அடைவான். நாட்டின் கணக்கும் இவ்வாறே: உழைப்போர் விகிதம் குறையும், ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் கூடும்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரின் நிலையை நாம் தனியே எண்ண வேண்டும். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பொதுவாக மாத ஓய்வூதியம் இல்லை. பணிமுடிவுத் தொகை ஒன்றே உண்டு. அத்தொகையும் வீடு கட்டுவதிலும் திருமணச் செலவிலும் கரைந்துவிடுகிறது. வீடு பெரிதாக நிற்கிறது; உள்ளே இருப்பவரிடம் மாத்திரை வாங்கப் பணமில்லை. தமிழக அரசு 2023இல் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்க வழியறியாத விதவைத் தாய்மார்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வாழும் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, திண்ணையில் ஒதுங்கிய பெரியவர்கள் நம்மிடம் வந்து கண்ணீர் விட்டிருக்கின்றனர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்குத் துணை நிற்கிறது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அது மீறப்பட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அப்பத்திரத்தை இரத்துச் செய்யக் கோரலாம். ஆகவே, எழுதிக்கொடுப்போர் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுதல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடலாகாது.

நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஜமாஅத் பதிவேட்டில், தனித்து வாழும் முதியோரைக் குறித்து வையுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் எழுதித்தர வாரம் ஒரு மாலை இரு இளைஞர்களை அமர்த்துங்கள். திருமண ஆடம்பரத்தைக் குறைக்கும் குடும்பம், அத்தொகையின் ஒரு பகுதியைப் பெற்றோர் பெயரில் வைப்பாக்குமாறு எடுத்துரையுங்கள்.

இளைஞர்களே! முதல் வரிசையில் நாற்காலியிட்டுத் தொழும் பெரியவர்களைக் காண்கிறோம். அந்நாற்காலிகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. நாளை அவற்றில் அமரப்போவது நாமே. வஸ்ஸலாம்.