மொட்டை மாடிக்குக் கம்பித் தடுப்பு



ஜனவரி 14. குஜராத்தில் அன்று உத்தராயண் பண்டிகை. அகமதாபாத் நகரமே மொட்டை மாடியில் நிற்கும். சிறுவர் முதல் கிழவர் வரை பட்டம் விடுவார்கள். ஒரு பட்டம் அறுந்தால் போதும், "காய்போ சே!" என்று கூச்சல் எழும். எல்லார் கண்ணும் வானத்தில் இருக்கும். கால் மட்டும் பின்னால் பின்னால் போகும். மாடி ஓரத்தில் தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? இப்படி விழுந்து கை கால் முறிந்தவர்கள் உண்டு. உயிர் விட்டவர்களும் உண்டு.

வீடு கட்டும்போதே கைக்காசு தீர்ந்துவிடுகிறது. "கைப்பிடிச் சுவரை அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. சுவர் எழுப்ப முடியாதவர்கள் கம்பித் தடுப்புப் போடலாம். இரும்புக் குழாய்களை நட்டு, அவற்றுக்கு இடையே எஃகுக் கம்பி வடம் இழுத்துக் கட்டுவதுதான் இது. கடையில் 'வயர் ரோப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். துணி காயப்போடும் கொடிக் கம்பி இதற்கு உதவாது.

எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம்? எங்கே கூடாது? இதுதான் முக்கியம். பளபளக்கும் குழாய் வேண்டாம். வர்ணம் அடித்த இரும்பே போதும். ஆனால் இரண்டு கோடியிலும் நிற்கும் குழாய்களில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒரு வடத்தை விறைப்பாக இழுத்தால் அது சுமார் 100 கிலோ பலத்தோடு இழுக்கும். 12 வடம் என்றால் ஒரு டன்னுக்கும் மேல்! மெல்லிய குழாய் உள்பக்கமாக வளைந்துவிடும். பிறகு எல்லா வடமும் தொங்கிப்போகும். ஆகவே கோடிக் குழாய் கனமாக இருக்க வேண்டும். அதற்குச் சாய்வாக ஒரு முட்டும் கொடுக்க வேண்டும். மேலே ஒரு குழாயைக் குறுக்கே பற்றவைத்தால் இன்னும் உறுதி.

உயரம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. நடுக் குழாய்கள் 4 அடிக்கு ஒன்று வேண்டும். வடத்துக்கு வடம் 3 அங்குலம் இடைவெளி போதும். அதிகமானால் குழந்தையின் தலை நுழைந்துவிடும்.

தளத்தின் விளிம்பை ஒட்டித் துளை போட்டால் சிமெண்டு பெயர்ந்து வரும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட வேண்டும். துளையில் மழைநீர் இறங்காதபடி அடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். தளமே உதிர்ந்து கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வடத்தின் நுனியை மடித்து மூன்று 'யு' கிளிப் போட வேண்டும். கிளிப்பின் வளைந்த பக்கம் மடித்த சிறிய நுனியின் மேல் அமர வேண்டும். இதை மாற்றிப் போடுகிறவர்கள் அதிகம். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடம் நசுங்கிவிடும். மறு நுனியில் 'டர்ன் பக்கிள்' மாட்டித் திருகினால் வடம் இறுகும். நடு வடத்தை முதலில் இறுக்கி, பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று என மாற்றி மாற்றிப் போக வேண்டும்.

ஒரு குறை உண்டு. படுக்கைவாட்டில் உள்ள கம்பி, சின்னப் பிள்ளைக்கு ஏணி மாதிரி. பிள்ளைகள் உள்ள வீட்டில் உள்பக்கம் கம்பி வலை அடித்துவிட வேண்டும். மாடிக்கு அருகில் மின்கம்பி போனால், அதை நகர்த்தும்படி மின்சார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் நகர்த்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

புது வடம் கொஞ்சம் நீளும். ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும்.