உலைக்கு அடியில் ஓடும் கோடு: போடேகா ஹெட், டயாப்ளோ கேன்யன்

போன எபிசோடில் அணுமின் நிலையத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பேசினோம். இன்னைக்கு அதுக்குக் கீழே, மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஒரு இடத்தில் உலை கட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்க, அந்த நிலத்தைப் புவியியலாளர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள்? கிடைக்கிற பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு நான் எடுத்துக்கொண்டது கலிபோர்னியா. அங்கே ஒரே மின்சாரக் கம்பெனி, பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், ஒரே கடற்கரையில் பத்து வருஷத்துக்குள் ரெண்டு இடம் பார்த்தது. ஒன்றைக் கைவிட்டார்கள். இன்னொன்று இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. நிலப்பிளவு என்றால் வெறும் விரிசல் இல்லை. விரிசலின் ரெண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்க வேண்டும். அப்போதான் அது பிளவு, ஃபால்ட். பழைய பாறை இருக்கிற எந்த மலையை வெட்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பிளவு கண்ணில் படும். பெரும்பாலானவை எப்போதோ செத்துப்போனவை. அதனால "பிளவு இருக்கா?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. "கடைசியா எப்போ நகர்ந்தது?" என்று கேட்க வேண்டும்.

அமெரிக்க விதி 1973-ல் இதற்கு ஒரு எல்லை போட்டது. கடந்த 35,000 வருஷத்தில் ஒரு தடவையாவது நிலமட்டம் வரைக்கும் நகர்ந்திருந்தால், அல்லது 5 லட்சம் வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நகர்ந்திருந்தால், அது இன்னும் நகரக்கூடிய பிளவு. ஜப்பானில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது: சுமார் 1,20,000 முதல் 1,30,000 வருஷம். அந்தக் கோட்டை வைத்துத்தான் 2024 நவம்பரில் ட்சுருகா நிலையத்தின் இரண்டாவது உலையை மறுபடி இயக்க அனுமதி மறுத்தார்கள். புகுஷிமாவுக்குப் பிறகு வந்த விதிகளின் கீழ் அதுதான் முதல் நிராகரிப்பு. கவனிக்க வேண்டியது என்னன்னா, உலைக்கு அடியில் இருப்பது உயிருள்ள பிளவு என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது உயிருள்ளது இல்லை என்று கம்பெனியால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். நிரூபிக்கிற பாரம் யார் தலையில் இருக்கிறது என்பது பாறையை விட முக்கியமான விஷயமாக ஆகிவிடும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளவுக்கு வயசு எழுதி வைத்திருக்காது. அதன் மேல் படிந்திருக்கிற மண்ணைத்தான் கேட்க வேண்டும். பிளவுக்குக் குறுக்காக வாய்க்கால் மாதிரி நீளமாக ஒரு பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடுக்கடுக்காக என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிளவு ஒரு அடுக்கை வெட்டியிருக்கிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு முறியாமல் தொடர்ச்சியாக இருக்கிறது என்று வையுங்கள். அப்படின்னா அந்த ரெண்டு அடுக்குக்கும் நடுவில்தான் கடைசி நகர்வு. அடுக்குகளின் வயசைக் கார்பன் போன்ற முறைகளால் கணக்கிட்டால் வேலை முடிந்தது. புவியியல் படித்த காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. இவ்வளவு பெரிய முடிவு, கடைசியில் ஒரு மண் சுவரில் ஒரு கோடு எங்கே நிற்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

இப்போ போடேகா ஹெட். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை முனை. ஹிட்ச்காக் "தி பேர்ட்ஸ்" எடுத்த ஊர் பக்கத்திலேயேதான். அந்த முனையையும் கரையையும் பிரிக்கிற தாழ்வான பகுதி வழியாகத்தான் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. 1906 பூகம்பத்தில், இங்கிருந்து கொஞ்சம் தெற்கே டொமாலஸ் விரிகுடாவின் தலைப்பில் ஒரு சாலை சுமார் 6 மீட்டர் விலகி நின்றது. அந்தப் பிளவு மண்டலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உலைக்காகக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனியின் வாதம் முழு முட்டாள்தனம் இல்லை. முனை முழுக்க கிரானைட் வகைப் பாறை, கெட்டியான அடித்தளம், குலுக்கலைத் தாங்குகிற மாதிரி கட்டிவிடலாம் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகணும். பூகம்பம் ஒரு கட்டடத்தை ரெண்டு விதமாகத் தாக்கும். ஒன்று குலுக்கல். அதற்கு இஞ்சினியர்களிடம் கணக்கு இருக்கிறது, கம்பி இருக்கிறது, தாங்குகட்டைகள் இருக்கின்றன. இன்னொன்று, அடித்தளமே ரெண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் இப்படியும் ஒரு பக்கம் அப்படியும் நகர்வது. அதற்கு எதிராக உலை கட்டிப் பழகியவர்கள் யாரும் இல்லை.

1963-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஜூலியஸ் ஷ்லாக்கர், மானுவல் போனிலா என்ற இருவர் அந்தக் குழியின் சுவரை வரைபடமாக்கினார்கள். பாறையில் ஒரு பிளவு இருந்தது. அது பாறையோடு நிற்காமல், மேலே படிந்திருந்த மண்ணடுக்குகளையும் வெட்டிக்கொண்டு போயிருந்தது. உலை உட்காரப் போகிற குழிக்குள்ளேயே! அந்த வட்டாரத்து மக்களும் டேவிட் பெசோனன் போன்றவர்களும் ஏற்கெனவே எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். கதிரியக்கத் தூசி எங்கெல்லாம் போய் விழும் என்று காட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டார்கள். ஆனால் என் அபிப்பிராயத்தில், திட்டத்தின் கழுத்தைப் பிடித்தது அந்த மண் சுவர்க் கோடுதான். கம்பெனி, தரை சில அடி நகர்ந்தாலும் உலை தப்பிக்கிற மாதிரி புது வடிவமைப்பு கொடுத்துப் பார்த்தது. 1964 மார்ச்சில் அலாஸ்காவில் பெரிய பூகம்பம் வந்து எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. அந்த அக்டோபரில் அணுசக்தி ஆணையத்திடம் ரெண்டு அறிக்கைகள் வந்தன. ஆலோசனைக் குழு "கட்டலாம்" என்றது. ஆணையத்தின் சொந்த அலுவலர்கள், இதுவரை எங்கும் சோதிக்கப்படாத வடிவமைப்பை நம்பி இந்த இடத்தில் கட்டக்கூடாது என்றார்கள். சில நாளிலேயே கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். குழியில் தண்ணீர் நிறைந்து, சுற்றிலும் புல் வளர்ந்து, விவரம் தெரியாதவர்களுக்கு அது சாதாரணக் குளம்.

அடுத்து டயாப்ளோ கேன்யன். கம்பெனி தெற்கே நகர்ந்து, முதலில் நிபோமோ மணல் மேடுகளைப் பார்த்தது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, மணல் மேடுகளைக் காப்பாற்ற, மாற்று இடமாக டயாப்ளோ கேன்யனை ஏற்றுக்கொண்டது. அந்த முடிவால் கிளப் உள்ளுக்குள்ளேயே உடைகிற நிலைக்குப் போனது, அது தனிக் கதை.

இந்தத் தடவை கம்பெனி கவனமாக இருந்தது. ரிச்சர்ட் ஜான்ஸ் என்ற பெயர்பெற்ற புவியியலாளரை வைத்து, உலை வரப்போகிற இடத்தில் பள்ளங்கள் வெட்டிப் பார்த்தார்கள். பழைய காலத்து அலைகள் பாறையைச் சமமாகத் தேய்த்து உண்டாக்கிய ஒரு தளம் அங்கே மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்தத் தளம் உலை இருக்கும் இடத்தில் எங்கும் முறியவில்லை. நல்ல வேலை, நேர்மையான வேலை. நிலத்தில் தெரிந்த பிளவுகளைக் கணக்கில் எடுத்தார்கள். சான் ஆண்ட்ரியாஸ் சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடைசியில் 0.4 ஜி குலுக்கலைத் தாங்குகிற மாதிரி வடிவமைத்தார்கள். 0.4 ஜி என்றால், ஒரு பொருளின் எடையில் 40 சதவீதத்துக்குச் சமமான விசை அதைப் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி. 1968-ல் அனுமதி கிடைத்தது, வேலை தொடங்கியது.

பள்ளம் வெட்டுவது நிலத்தில் நடக்கும். கடலில்?

அதே காலத்தில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் புவியியலாளர்கள், ஹாஸ்கின்ஸ், கிரிஃபித்ஸ் என்று இருவர், கலிபோர்னியாவின் கடலடியை எண்ணெய்க்காக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நீளமான ஒரு பிளவு அவர்கள் தரவில் தெரிந்தது. 1971-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ரெண்டு பேர் பெயரின் முதல் பாதியையும் சேர்த்து இன்று அதற்கு ஹாஸ்க்ரி பிளவு என்று பெயர். டயாப்ளோவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் ஓடுகிறது. உலைக்காகத் தேடினவர்கள் பார்க்காததை, எண்ணெய்க்காகத் தேடினவர்கள் பார்த்தார்கள். இந்தச் செய்தி அதிகாரிகளின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது கான்கிரீட் ஏற்கெனவே எழும்பிவிட்டது.

போடேகாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கேள்வி எழுந்தபோது இருந்தது ஒரு குழி. இங்கே கட்டடம். குழியை விட்டுவிட்டுப் போகலாம். கட்டடத்தை விட்டுவிட்டுப் போவதற்கு யாருக்கு மனசு வரும்? அதனால கேள்வியே மாறிப்போனது. "இங்கே கட்டலாமா?" என்பது போய், "இதை எப்படிப் பலப்படுத்தலாம்?" என்று ஆனது. ஹாஸ்க்ரியில் 7.5 அளவுக்குப் பூகம்பம் வரலாம் என்று புவியியல் ஆய்வு நிறுவனம் சொன்னது. அவர்கள் கொடுத்த உச்சக் குலுக்கல் 1 ஜி-க்கும் மேலே. ஆனால் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது 0.75 ஜி. நேதன் நியூமார்க் என்ற பெரிய பொறியியல் மேதை இதற்குக் காரணம் சொன்னார்: கட்டடத்தின் அடித்தளம் மிக அகலம், வேகமான சின்னச் சின்ன அலைகள் ஒரே சமயத்தில் அதன் எல்லாப் பகுதியையும் ஒரே திசையில் தள்ளாது, ஆகவே கட்டடம் உணர்வது குறைவாக இருக்கும். இயற்பியலில் இதற்கு அடிப்படை இருக்கிறது. எவ்வளவு குறையும் என்பதில்தான் சண்டை. 0.75 என்று பார்த்ததும் ஏதோ கருவியில் அளந்த எண் என்று நினைக்காதீர்கள். அது ஒரு தீர்ப்பு.

பலப்படுத்துகிற வேலையிலும் ஒரு கூத்து நடந்தது. 1981-ல் சோதனை ஓட்டத்துக்கான உரிமம் கிடைத்த கொஞ்ச நாளில், ஒரு உலைக்கான நிலநடுக்கத் தாங்கிகளுக்குத் தவறான வரைபடம் பயன்படுத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. ரெண்டு உலைகளும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, இடம் வலம் மாறிக் கட்டப்பட்டவை. வரைபடம் மட்டும் புரட்டப்படவில்லை! உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். முதல் உலை வணிக ரீதியில் ஓட ஆரம்பித்தது 1985-ல், இரண்டாவது 1986-ல்.

உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: நிலநடுக்க ஆபத்தை மறுபடி ஆராய வேண்டும். அந்த நிபந்தனையை நான் மதிக்கிறேன், ஏன்னா அது பலன் கொடுத்தது. கம்பெனியும் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், 2008-ல் ஜீன் ஹார்ட்பெக் என்ற விஞ்ஞானி பழைய பதிவுகளில் இருந்த குட்டிக் குட்டி அதிர்வுகளை எடுத்தார். யாரும் உணராத அளவுக்குச் சின்னவை. அவற்றின் இருப்பிடத்தைத் துல்லியமாகத் திரும்பக் கணக்கிட்டபோது, சிதறிக்கிடந்த புள்ளிகள் கரையை ஒட்டி ஒரு கோட்டில் வந்து நின்றன. ஷோர்லைன் பிளவு. உலைகளிலிருந்து சுமார் 600 மீட்டர். நிலையம் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு!

ஆபத்து ஹாஸ்க்ரிக்காகப் போட்ட கணக்குக்குள் அடங்குகிறது என்று ஒழுங்காற்று ஆணையம் முடிவு செய்தது. நிலையத்திலேயே பணியாற்றிய ஆணையத்தின் ஆய்வாளர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். உரிமத்தின் சொற்படி பார்த்தால், புதிய பிளவுகளுக்குக் கருவிகள் தாங்கும் என்று காட்டும் வரை ஓட்டக்கூடாது என்பது அவர் வாதம். ஆணையம் ஏற்கவில்லை. மறுபடியும் அதே கேள்விதான், நிரூபிக்கிற பாரம் யாருடையது? நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. மாநிலத்தின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, புகையில்லாமல் கொடுக்கிற நிலையம் அது. ஆனால் அந்த ஆய்வாளர் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

கடலடியை இன்னும் ஆழமாகப் பார்க்க, காற்றுத் துப்பாக்கிகளை வைத்துப் பெரிய ஒலி ஆய்வு செய்யக் கம்பெனி அனுமதி கேட்டது. கடல் உயிரினங்களுக்குக் கேடு என்று 2012 நவம்பரில் கடலோர ஆணையம் மறுத்துவிட்டது. தெரிந்துகொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைச் சில சமயம் கடற்பன்றிகள் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. கடலில் பள்ளம் வெட்ட முடியாது என்றேன் இல்லையா? கடல் தானாகவே ஒரு பள்ளத்தை வைத்திருந்தது. சுமார் 12,000 வருஷத்துக்கு முன் கடல் மட்டம் இன்னும் தாழ்வாக இருந்தபோது கரையோரம் உருவான ஒரு மணல் சரிவு, இப்போது நீருக்கடியில், ஹாஸ்க்ரிக்குக் குறுக்கே கிடக்கிறது. புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் கடலடியை நுணுக்கமாக வரைபடமாக்கி 2014-ல் வெளியிட்டார்கள்: அந்தச் சரிவு பிளவு இருக்கும் இடத்தில் முறிந்து, சுமார் 30 மீட்டர் விலகியிருக்கிறது. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 2.6 மில்லிமீட்டர். தினமும் அப்படி மெல்ல நகர்வதில்லை. பிளவு பூட்டிக்கொண்டு நிற்கும், நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்ததை ஒரே நாளில் விடும்.

நிலையத்தை மூடிவிடலாம் என்று 2016-ல் கம்பெனியே முடிவெடுத்தது. 2022-ல் மாநிலம் சட்டம் போட்டு 2030 வரை ஓட்ட வழி செய்தது. அதே சட்டத்தில், நிலநடுக்க மதிப்பீட்டைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த மதிப்பீட்டில் இந்த 2.6 மாதிரியான எண்களை எப்படிச் சேர்க்கிறார்கள், நிகழ்தகவு கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு தனி எபிசோடுக்கான விஷயம். அடுத்த தடவை அதை எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்க.