பெற்றாரும் பிள்ளைகளும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நல்லூர்க் கந்தன் ஆலய மகோற்சவத்திலே மாம்பழத் திருவிழாவைக் காணாதவர் இச்சபையில் இருக்கமாட்டார்கள். உலகைச் சுற்றி முதலில் வருபவருக்கே கனி என்றார் தந்தை. இளையவர் மயிலேறிப் புறப்பட்டார். மூத்தவர் பெற்றாரை வலம்வந்து கனியைப் பெற்றுக்கொண்டார். குற்றம் யார்மீது என்று சிறுவயதில் நாம் வழக்காடியதுண்டு. உற்று நோக்கின் இருவரும் கட்டளையை மீறினாரல்லர். உலகம் என்ற ஒரு சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டனர். அதனால் ஒரு பிள்ளை வீட்டைவிட்டே போயிற்று.

எமது வீடுகளில் அவ்வாறு இருபொருள்படும் சொல் 'குடும்பம்' என்பதாகும். பெற்றார் அதனைச் சொல்லும்போது மணமாகாத தங்கை, மணமாகிப்போன மாமி, இனிப் பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளை எல்லோரையும் எண்ணிச் சொல்கின்றனர். பிள்ளைகளாகிய நாமோ எமது படிப்பு, எமது உத்தியோகம், எமது வாழ்வு என்ற அளவிலே நின்றுவிடுகிறோம்.

சீதனம் வாங்கமாட்டோம் என்று இளைஞர் கூடுமிடத்தில் முழங்குவது எளிது; கைதட்டலும் கிடைக்கும். சென்ற விடுமுறையில் நாம் அதனை வீட்டு விறாந்தையிலே சொன்னோம். கைதட்டல் கிடைக்கவில்லை. தந்தையார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, உன்ர கொள்கைக்குத் தங்கச்சி வட்டி கட்டுறதோ?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் ரொக்கமாகக் கொடுக்கும் பணத்தை 'டொனேசன்' என்கிறோம். பல வீடுகளில் மகனுக்கு வரும் அப்பணமே மகளுக்குக் கொடுக்கும் பணமாக மறு படலையால் வெளியேறுகின்றது. இஃது எமக்குத் தெரியாததன்று. தெரிந்தும், "விலைக்குப் போக நாம் மாடல்ல" என்றோம். அச்சொல் மிகையானது. அதன்பின் பதினொரு நாட்கள் தந்தையாரும் நாமும் பேசவில்லை. "அப்பா சாப்பிட வரட்டாம்," "அவன் பிறகு வாறானாம்" என்று அன்னையார் அடுக்களைக்கும் விறாந்தைக்குமிடையே தூது நடந்தார். இவ்வகைப் பிணக்குகளில் மிகுதியாகக் களைப்பவர் தாயாரே என்பதை இங்குள்ள தாய்மார் அறிவார்கள்.

பன்னிரண்டாம் நாளிரவு தந்தையார் றங்குப்பெட்டியைத் திறந்து உறுதிகளை எம்முன் வைத்தார். நாம் குடியிருக்கும் வளவு அன்னையாரின் சீதனம். பக்கத்து இரண்டு பரப்புக் காணி மாமியின் கலியாணத்துக்காக ஒற்றி வைக்கப்பட்டு, எமது பல்கலைக்கழகச் செலவினால் இன்னும் மீட்கப்படாதது. "நான் வாங்கின டொனேசனில் ஒரு சதம் என்ர கையில நிக்கேல்லை. எல்லாம் மாமியோட போட்டுது" என்றார். இருபத்திரண்டு வயதுவரை இதனை நாம் அறியோம். வீட்டின் கடனைப் பிள்ளைக்கு மறைத்தல் அன்பு என்று அவர் எண்ணியிருந்தார். நாமோ கொள்கையைக் கூறினோமேயன்றித் தங்கைக்கு வழியென்ன என்று ஒரு சொல்லும் கூறினோமில்லை.

மிஷன் கல்லூரியிலே படித்த காலத்தில், தந்தை உயிரோடிருக்கவே தன் பங்கைப் பிரித்துக் கேட்ட இளைய குமாரனின் கதையைக் காலை வணக்கத்தில் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கில் அக்குமாரன் வாயே திறந்திருக்க முடியாது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, மணமாகும்வரை மகன் தேடிய பொருள் பெற்றாரின் பொதுச் சொத்தோடு சேர்வது. பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்தபின் எஞ்சியதே, பெற்றாரின் காலத்துக்குப் பிறகு, ஆண்மக்களுக்கு முதுசமாவது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வழமையின் சொத்துரிமைப் பகுதிகளைப் பெரிதும் மாற்றிவிட்டது. இன்று மகனின் சம்பளத்தைக் கேட்டு எத்தந்தையும் வழக்குவைக்கப் போவதில்லை. ஆயினும், சட்டத்தை மாற்றிய வேகத்தில் மனத்தை மாற்ற முடியவில்லை. எமது தந்தையார் பேசியது பேராசையன்று. முந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு கணக்கு. அதற்காக நாம் அதனை ஒப்புக்கொண்டோம் என்று எண்ணவேண்டா. சீதனம் வாங்குவதில்லை என்ற முடிவிலே இன்றும் நிற்கிறோம். ஒற்றியை மீட்பதற்கு எமது சம்பளத்திலிருந்து பணந்தருவதாக மாத்திரம் அவ்விரவு சொன்னோம். "முதல் வேலை கிடைக்கட்டும்" என்றார் தந்தையார். அதுவும் நியாயமே.

அப்போது அறைக்குள்ளே உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை வெளியே வந்தாள். "அண்ணா, நீங்கள் ரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் கதைக்கிறியள். என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றாள்.

தந்தையார் எம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். பதினொரு நாட்களின்பின் எமக்குள் ஏற்பட்ட முதல் ஒற்றுமை, இருவரிடத்தும் அவளுக்கு விடை இல்லாமற் போனதுதான். அன்னையார் சிரித்துவிட்டார். உறுதிகள் பெட்டிக்குள் போயின. அவளது பரீட்சை முடிந்தபின், அடுத்த விடுமுறையில், நால்வருமாக இருந்து அவற்றை மீண்டும் பார்ப்பதென்று பேசியிருக்கிறோம்.

இவ்வளவுதான் சொல்ல வந்தது.