இரண்டாவது நாற்காலி

தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்க அதிபர் தேர்தல் புரியாமல் போகாது. தலைவருக்கு நிற்பவர் மேல் டிவிசன்காரர் என்றால், துணைத் தலைவருக்குக் கீழ் டிவிசனில் ஆள் தேடுவார். தான் வயதானவர் என்றால் கூட நிற்பவர் இளைஞராக இருக்க வேண்டும். ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே கணக்குத்தான். ஆரம்பத்தில் அங்கே வேறு முறை இருந்தது. அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். அதனால் 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானபோது அவரை எதிர்த்து நின்ற ஜெபர்சனே துணை அதிபராகி விட்டார். வீட்டுக்குள்ளேயே சண்டை! 1804-இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு பதவிக்கும் தனித்தனியே வாக்களிக்கச் செய்தார்கள். அதன் பிறகுதான் இருவரும் ஜோடியாக நிற்கும் பழக்கம் வேரூன்றியது.

ஜோடி சேர்ப்பதால் வாக்கு கூடுமா? 1960-இல் கென்னடி வடக்கே மாசசூசெட்ஸ்காரர், கத்தோலிக்கர். தெற்கே தனக்குச் செல்வாக்கு குறைவு என்று தெரிந்து, வேட்பாளர் தேர்வில் தன்னோடு மோதிய டெக்சஸ்காரர் ஜான்சனையே சேர்த்துக் கொண்டார். டெக்சஸ் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்தது. எல்லா ஜோடியும் இப்படி அமைவதில்லை. 1972-இல் மெக்கவர்ன் தேர்ந்தெடுத்த ஈகிள்டன் முன்பு மனநல சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளியாகி, மூன்று வாரம்கூட ஆகாமல் விலக நேர்ந்தது. 2008-இல் சாரா பேலின் வந்த புதிதில் மெக்கேன் கூட்டங்களில் கூட்டம் அலைமோதியது. தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் தடுமாறத் தொடங்கியதும் எழுபத்திரண்டு வயது மெக்கேனுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும் என்று மக்கள் கேட்க ஆரம்பித்து விட்டார்கள்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி ஜோ பைடன், கமலா ஹாரிசைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். தாயார் சியாமளா கோபாலன் இந்தியாவிலிருந்து பத்தொன்பது வயதில் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண். தாத்தா பி.வி.கோபாலனின் ஊர், மன்னார்குடி அருகிலுள்ள துளசேந்திரபுரம். வேட்பாளராகப் பேசிய மேடையில் கமலா 'சித்திகள்' என்று தமிழிலேயே சொன்னபோது நம்மவர்களுக்கும் மெய்சிலிர்த்தது. அதில் தவறில்லை.

ஆனால் பைடன் கணக்குப் போட்டது தமிழர் வாக்கை வைத்து அல்ல. கமலாவின் தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். பைடனைக் கரையேற்றியவர்கள் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். போட்டித் துணையாக ஒரு பெண்ணையே சேர்ப்பேன் என்று அவர் மார்ச் மாதமே வாக்குறுதி கொடுத்திருந்தார். 2019-இல் விவாத மேடையில் தன்னையே மடக்கிய பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சேர்த்ததும் ஒரு சாமர்த்தியம்தான்.

நாலு வருடம் கழித்து அந்தத் தேர்வின் முழு எடை தெரிந்தது. 2024 ஜூலை 21-இல் பைடன் விலகினார். கட்சி வேறு யாரையும் தேடவில்லை, கமலாதான் வேட்பாளர். அவர் மினசோட்டா ஆளுநர் டிம் வால்சைச் சேர்த்துக் கொண்டார். நாட்டுப்புற வாக்குகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். மினசோட்டா கிடைத்தது, இழுபறியான ஏழு மாநிலங்களும் டிரம்ப் பக்கம் போயின. துணை வேட்பாளர் கூட்டத்தைச் சேர்ப்பார், கைதட்டல் வாங்குவார். அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறியிருக்கும்போது அவரால் பெரிதாக எதையும் திருப்ப முடியாது. தலைவர் இல்லாமல் போகிற நாளில் யார் வருவார் என்பதைத்தான் அந்தப் பெயர் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் இதுவரை ஒன்பது துணை அதிபர்கள், அதிபர் இறந்தோ பதவி விலகியோ அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். கென்னடிக்குப் பின் ஜான்சனும் அப்படி வந்தவரே.

நம் நாட்டில் அதிபர் தேர்தல் இல்லை. ஆனால் ம.இ.கா.வில் தேசியத் துணைத் தலைவர் தேர்தல் உண்டு. தோட்டத்துக் கிளைகளிலிருந்து பேராளர்கள் வேட்டி சட்டையோடு பேருந்து ஏறித் தலைநகர் போன காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தலைவர் யார் என்பதைப் பற்றி லயமெல்லாம் பேசும். துணைத் தலைவருக்கு? மேலிருந்து ஒரு பெயர் வரும், கை தூக்குவார்கள், மதிய உணவுக்குப் போவார்கள்.

1977-இல் அந்தப் பதவிக்கு ச.சாமிவேலுவும் சுப்பிரமணியமும் மோதினார்கள். பால்மரத் தொழிலாளியின் மகனான சாமிவேலு 26 வாக்குகளில் வென்றார். இரண்டே ஆண்டில், 1979 அக்டோபரில், தலைவர் மாணிக்கவாசகம் காலமானார். துணைத் தலைவர் தலைவரானார். 2010 டிசம்பர் வரை முப்பத்தோரு ஆண்டுகள் அந்த நாற்காலி அவரிடமே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானது, மக்கள் லயத்தை விட்டு வெளியேறியது, தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறியது எல்லாம் நடந்த காலம் அது. நன்மையோ குறையோ, நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்கள் சார்பில் அரசாங்கத்திடம் பேசிய குரல் அதுதான். மாணிக்கவாசகமே 1973-இல் துணைத் தலைவராக இருந்து தலைவரானவர். சாமிவேலுவுக்குப் பின் வந்த பழனிவேலும் அப்படியே.

26 வாக்கு என்பது ஒரு தோட்டத்துப் பேருந்தை நிரப்பாத கூட்டம். பதினான்கு பேராளர்கள் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு தலைகீழ். அன்று வாக்களித்தவர்களில் எத்தனை பேர் முப்பத்தோரு ஆண்டுக்குச் சேர்த்துப் போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்?