நிழலுக்கு உகந்த திப்பிலி

வீட்டு வளவிலே பலாவும் மாவும் தழைத்து நிற்பது இல்லத்துக்கு அழகு. ஆயினும், அவற்றின் அடர்ந்த நிழலில் மிளகாயும் கத்தரியும் செழித்துக் காய்ப்பதில்லை. ஆகவே அவ்விடத்தைக் கூட்டிப் பெருக்கி வெறுநிலமாக விட்டுவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். மழை பெய்யுந்தோறும் அந்நிலத்தின் மேல்மண் கரைந்தோடுகின்றது. இத்தகைய நிலத்தை மூடி வளர்வதற்கு ஏற்ற கொடி ஒன்று உண்டு. அதுவே திப்பிலி.

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் திரிகடுகம் எனப்படுதல் யாவரும் அறிந்ததே. எனினும், மருந்துக்கடையில் உலர்ந்த திப்பிலியை வாங்குவோருள் அதன் பச்சைக் கொடியைக் கண்டவர் சிலரே. அது மிளகின் இனத்தைச் சேர்ந்தது. மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறும். திப்பிலியோ நிலத்திலே படர்ந்து, கணுக்கள் தோறும் வேரூன்றும். இந்தியாவினதும் இலங்கையினதும் ஈரக்காடுகளே அதன் தாயகம். கி. பி. முதலாம் நூற்றாண்டிலே, உரோமாபுரியில் ஓர் இறாத்தல் கறுப்பு மிளகு 4 தெனாரியத்துக்கும், திப்பிலி 15 தெனாரியத்துக்கும் விற்கப்பட்டதாகப் பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார்.

காட்டில் அது வாழும் முறையை நோக்கினால், வளவில் வளர்க்கும் முறை தானே விளங்கும். மரத்தடியில் உக்கிய சருகே அதற்கு உணவு; இலைகளினூடே சிந்தும் வெயிலே அதற்குப் போதுமான ஒளி. ஆதலால், மாரி தொடங்கும்போது மண்ணைக் கொத்தி, உக்கிய எருவும் சருகும் கலந்து, மூன்று நான்கு கணுக்கள் கொண்ட கொடித்துண்டுகளை நடுதல் வேண்டும். மண் ஈரமாக இருத்தல் வேண்டும். ஆனால் நீர் தேங்கலாகாது. கோடையில் நீர் ஊற்றிச் சருகால் மூடுதல் நன்று.

ஆண் கொடியும் பெண் கொடியும் திப்பிலியில் வேறு வேறானவை. மருந்துக்கு உதவும் திப்பிலியைத் தருவது பெண் கொடியே. எனவே, காய்த்த கொடியைக் கண்டறிந்து அதிலிருந்தே துண்டு எடுத்தல் வேண்டும். காய்கள் கரும்பச்சை நிறம் அடைந்து, பழுக்குமுன் பறித்து, வெயிலில் நன்கு உலர்த்திப் பேணுதல் முறை.

திப்பிலியின் வேரும் 'திப்பிலிமூலம்' என்னும் பெயரால் மருந்தாகின்றது. அதன் பொருட்டுக் காட்டுக்கொடியை வேரோடு பிடுங்குவோர், மறு ஆண்டுக் காயையும் உடன் அழிக்கின்றனர். வளவில் வளர்ப்பவருக்கோ கொடியின் ஒரு துண்டே போதும். தாய்க்கொடி காட்டிலேயே நிலைத்திருக்கும். பயனற்றதென ஒதுக்கிய நிழலில் அத்துண்டு வேரூன்றுமாயின், வளவின் மண் காக்கப்படும். காட்டின் செல்வமும் குறையாது.