பெற்றோரைப் பராமரிக்க ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு



 

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நமது நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ 7 பேரே அறுபது வயதை அடைந்திருந்தனர். 2012ஆம் ஆண்டில் அத்தொகை 12ஐத் தாண்டியது. மறுபுறம் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. ஒரு மகன் கத்தாரில், இன்னொரு மகன் கொழும்பில், மகள் ஓர் ஆசிரியை. வாப்பாவோ பாரிசவாதத்தால் படுக்கையில். இத்தகைய வீடுகள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. எனவேதான், பராமரிப்பாளரை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் முகவர் நிலையங்களை நம்மவர்களும் நாடத் தொடங்கியிருக்கிறார்கள். "பெற்ற உம்மாவை வேறொருவர் கையில் கொடுப்பது பாவமில்லையா?" என்று மனம் கலங்கிக் கேட்போரும் இருக்கிறார்கள்.

அன்பர்களே! ஸூரத்துல் கஸஸ் நமக்கு ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. மத்யனில் இரு பெண்கள் தமது ஆடுகளுக்கு நீர் புகட்ட வந்து, மேய்ப்பர்கள் விலகும்வரை ஒதுங்கி நிற்கிறார்கள். தமது தந்தை முதிர்ந்த வயோதிபர் என்பதையே அவர்கள் மூஸா (அலை) அவர்களிடம் காரணமாகச் சொல்கிறார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர், இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் ஆலோசனை கூறுகிறார். கூலிக்கு அமர்த்தப்படுவோரில் சிறந்தவருக்கு இரண்டு தகுதிகளையும் அவர் குறிப்பிடுகிறார். அவர் பலமுள்ளவராக இருக்க வேண்டும்; நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும். அது ஆடு மேய்ப்பதற்கான கூலி. ஆடுகளுக்கே இவ்விரண்டும் வேண்டுமென்றால், பெற்ற தாய்க்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே உதவிக்கு ஆள் அமர்த்துவது கூடும். சில வேளை அது அவசியமும் ஆகும். கிழக்கில் பெரும்பாலும் மகளின் தலையிலும், ஏனைய பகுதிகளில் மருமகளின் தலையிலும் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, ஆண்மக்கள் வெளியே நின்று நலம் விசாரிப்பதைக் காண்கிறோம். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் பெருந்தன்மை. அது மகனின் கடமை. தனது கடமையை மனைவியின் தோளில் இறக்கி வைத்துவிட்டு நன்மையைத் தான் எதிர்பார்ப்பவர் சிந்திக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் கூலிக்கு எடுப்பது கைகளை மட்டுமே. கடமையைக் கூலிக்குக் கொடுக்க முடியாது. ஸூரா பனீ இஸ்ராயீலின் 23ஆவது வசனம் பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசும்போது "இந்தக" என்ற சொல்லைக் கையாள்கிறது. "உம்மிடத்தில்" என்பது அதன் பொருள். முதுமை அவர்களை வந்தடையும் இடம் பிள்ளையின் அருகாமை என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

இனி, அந்த இரு தகுதிகளையும் கொண்டு முகவர் நிலையத்தை எப்படித் தெரிவு செய்வது என்று பார்ப்போம்.

முதலாவது பலம். இங்கு பலம் என்பது உடல் வலிமை மாத்திரமல்ல, தொழில் அறிவும்தான். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பராமரிப்பாளர்களுக்கும் வழங்கப்படுகிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழோடு நிறுத்தாமல் சில கேள்விகளையும் கேளுங்கள். படுக்கையில் கிடப்பவரை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பீர்கள்? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான விதி. தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். உணவூட்டும்போது எப்படி அமர்த்துவீர்கள்? படுத்த நிலையில் ஊட்டினால் உணவு சுவாசக் குழாய்க்குள் செல்லக்கூடும். சீனி வருத்தமுள்ளவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் என்ன செய்வீர்கள்? சீனி இறங்கியிருக்கக்கூடும் என்பதை அறியாதவரிடம் அத்தகைய நோயாளியை ஒப்படைக்கலாகாது.

இரண்டாவது நம்பிக்கை. நிலையம் முறைப்படி பதிவு செய்யப்பட்டதா? வருபவரின் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை ஆகியவை உண்டா? அவர் முன்னர் வேலை செய்த இரண்டு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேச அனுமதிப்பார்களா? இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் நிலையத்தை விட்டுவிடுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். முதல் வாரம் குடும்பத்தவர் ஒருவர் கூடவே இருங்கள். நகையையும் பணத்தையும் பூட்டி வையுங்கள். அது பிறரைச் சந்தேகிப்பதாகாது; ஓர் ஏழையைச் சோதனைக்கு உள்ளாக்காமல் காப்பதாகும்.

மூன்றாவது எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகரா கட்டளையிடுகிறது. இதிலும் அவ்வாறே செய்யுங்கள். வேலை நேரம் எவ்வளவு? பராமரிப்பாளர் லீவில் சென்றால் பதிலுக்கு யார் வருவார்? முற்பணம் எப்போது திருப்பித் தரப்படும்? நாம் கொடுக்கும் தொகையில் அந்தப் பணியாளரின் கைக்குப் போவது எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியை அநேகர் கேட்பதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. உழைப்பவருக்குச் சொற்பத்தைக் கொடுத்து, பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையத்தை நாம் ஏன் வளர்க்க வேண்டும்?

நான்காவது வெட்கம். உம்மாவுக்குப் பெண்ணும் வாப்பாவுக்கு ஆணும் என்பதை நிலையத்திடம் முதலிலேயே வலியுறுத்துங்கள். ஆண் பராமரிப்பாளர் கிடைக்காவிட்டால், வாப்பாவைக் குளிப்பாட்டுவதையும் சுத்தம் செய்வதையும் மகன் ஏற்றுக்கொள்ளட்டும். ஒரே பாலினத்தவராயினும் தேவைக்கு மேல் மறைவிடம் திறக்கப்படலாகாது. நிர்ப்பந்தத்தால் ஆகுமாவது அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்கும் என்பது பிக்ஹுக் கலையின் விதி. அறையில் கமரா பொருத்துபவர்களும் இதை நினைவில் கொள்ளட்டும்.

வருபவர் சிங்களச் சகோதரியாகவோ தமிழ்ச் சகோதரியாகவோ இருக்கலாம். உம்மாவின் மொழி அவருக்குப் புரியுமா என்று பாருங்கள். ஹலால் உணவு, வுழூ, தொழுகை நேரம், தண்ணீர் பயன்படுத்த இயலாதபோது தயம்மும் ஆகியவற்றை அன்போடு விளக்குங்கள். அவரது உணவு, ஓய்வு, வணக்கம், பண்டிகை லீவு ஆகியவற்றை நீங்களும் மதியுங்கள். மனம் நொந்தவரின் கை நோயாளியை மென்மையாகத் தொடாது.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. பெற்றோரிடமே கேளுங்கள். பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் தீர்மானித்து, காலையில் அறிமுகமில்லாத ஒருவரைக் கட்டிலருகே நிறுத்துவது மஷூராவாகாது. பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவி தேவைப்படும்போது வீம்புக்காக மறுத்து, ஒரு மகளை மட்டும் ஓய்வின்றி வருத்த வேண்டாம்.

இளைஞர்களே! ஆள் வந்த பிறகு உங்களுக்கு எஞ்சுவது என்ன? குறைந்தது ஒரு வேளைக் குளிசையை உங்கள் கையால் கொடுங்கள். ஒரு நேர உணவை அருகில் அமர்ந்து ஊட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தோடு குரலையும் அனுப்பட்டும். "உம்மா எப்படி?" என்று பராமரிப்பாளரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், "எப்படி இருக்கிறீங்க உம்மா?" என்று உம்மாவிடமே கேட்கட்டும். செலவைச் சகோதரர்கள் வசதிக்கேற்பப் பகிர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்நாட்டின் சட்டமும் இதைப் பேசுகிறது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு முஸ்லிமின் தாய் அந்தப் படியேற நேர்வது நமக்கு எத்தனை பெரிய இழிவு! பெற்றோரை முதுமையில் அடைந்தும் சுவர்க்கம் செல்லத் தவறியவரின் மூக்கு மண்ணில் புரளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்தச் சுவர்க்க வாசல் நமது வீட்டின் ஓர் அறையில், கட்டிலில் படுத்திருக்கிறது. அதைத் துடைக்க ஆள் அமர்த்தலாம். அதனுள் நுழைய வேண்டியவர் நாமேதான்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் முதுமையை இலேசாக்குவாயாக! அவர்களுக்குப் பணி செய்யும் கைகளுக்கு அருள் புரிவாயாக! அவர்களின் பொருத்தத்தைப் பெற்ற பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.