யூத மரபில் வேண்டுதலும் ஆயத்தமும்



இறைவனிடம் ஒன்றை வேண்டுவோர் அது கிடைக்கும் என்று மெய்யாகவே நம்புகின்றனரா? இதனை அவர்தம் சொல்லால் அறிதல் அரிது, செயலால் அறியலாம். யூதரின் வாய்மொழிச் சட்ட மரபு கி.பி. 200ஆம் ஆண்டளவில் 'மிஷ்னா' என்னும் பெயரில் தொகுக்கப்பட்டது. அதில் நோன்புகளைப் பற்றிய பகுதியில் வரும் ஹோனி என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் வாழ்ந்தது கி.மு. முதல் நூற்றாண்டு. யூதர் நாட்டில் கோடையில் மழை கிடையாது. குளிர்காலத்து மழைநீரைப் பாறையில் குடைந்த தொட்டிகளில் தேக்கியே மக்கள் கோடையைக் கடந்தனர். ஓராண்டு மழை பொய்த்தது. மழை வேண்டித் தொழுமாறு மக்கள் ஹோனியைக் கேட்டனர். அவரோ முதலில் அடுப்பைப் பற்றிப் பேசினார். பாஸ்கா விழாவில் ஆட்டை வாட்டுதற்குரிய மண்ணடுப்புகள் மழையில் கரைந்துவிடாதவாறு அவற்றை வீட்டிற்குள் எடுத்துவைக்கச் சொன்னார். அதன் பின்னரே வேண்டினார்.

மழை பெய்யவில்லை. மிஷ்னா இதனை மறைக்காமல் கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது. அடுப்புகள் உள்ளே இருந்தன. வானம் வறண்டே கிடந்தது. ஹோனி தரையில் ஒரு வட்டம் வரைந்து அதனுள் நின்றார். இறைவன் இரங்கும் வரை அகலேன் என்று சூளுரைத்தார். முதலில் தூறல் விழுந்தது. தொட்டிகளை நிரப்பும் மழை வேண்டும் என்றார். பின்னர்ப் பெருமழை சீறிப் பெய்தது; அருள்மழை வேண்டும் என்றார். அதன் பின்னரே மழை அளவாகப் பெய்தது. இவ்வாறு இறைவனை வற்புறுத்தியதைச் சீமோன் பென் ஷெத்தாக் என்னும் அறிஞர் கடிந்துகொண்டதையும் மிஷ்னா பதிவு செய்கிறது. வட்டத்தைக் குறித்துச் சான்றோரிடையே தயக்கம் இருந்தது. அடுப்பைக் குறித்து எவரும் குறை கூறியதாக அங்கே இல்லை.

இதே பகுதியில் மற்றொரு விதியும் உண்டு. இலையுதிர்காலத்துக் கூடாரப் பெருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் எருசலேமுக்கு வருவர். விழா முடிந்ததும் மழைக்காலம் தொடங்கும். ஆயினும் மழையை உடனே கேட்கலாகாது. 15 நாள் பொறுத்து, மர்கெஷ்வான் மாதம் 7ஆம் நாளில்தான் கேட்க வேண்டும் என்றார் இரப்பான் கமாலியேல். தொலைதூரம் செல்லும் கடைசிப் பயணியும் நனையாமல் யூப்ரடீஸ் ஆற்றை அடைய வேண்டும் என்பதே காரணம். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது, அப்பயணமும் நின்றது. எனினும் இசுரேல் நாட்டில் இன்றும் அதே நாளில்தான் மழைக்கான வேண்டுதல் தொடங்குகிறது.

கேட்டால் மழை வரும் என்று நம்பாதவர்க்குப் பயணியைப் பற்றிய கவலை எழாது. வேண்டுதல் பலிக்கும் என்று கருதியதாலேயே அதனால் எவர் நனைவர், எவரது அடுப்பு கரையும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். மழை வருமுன்னரே பிறர்க்காக எண்ணும் இவ்வக்கறையே அம்மரபு காட்டும் ஆயத்தம் எனலாம்.